அண்ணாவுக்கு ஒரு லீவு லெட்டர்

மாதுங்கா, 1966 ஜூலை

திங்கட்கிழமை காலை. மாதுங்கா ஸ்டேஷன் பெஞ்சில் வீங்கிய காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறேன். மதுரையிலிருந்து வந்தவன், நேற்று கர்ஜத் பக்கம் தனியாக மலையேறி, சேற்றில் சறுக்கி ஒரு பாறை விளிம்பில் சிக்கிக்கொண்டேன். ஞாயிறுதோறும் மலையேறப் போகும் மாதுங்கா குமாஸ்தாக்கள் நான்கு பேர் என் கூச்சலைக் கேட்டு, ரயிலை விட்டுவிட்டு, கயிறு கட்டி இறங்கி என்னைத் தூக்கினார்கள். அடிவாரம் சேரும்போது விடிந்துவிட்டது.

மூன்று பேர் ஆபீஸுக்கு நேரமாகிறதென்று குளிக்க ஓடுகிறார்கள். என்னை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக சேஷாத்ரி மட்டும் நிற்கிறார். கயிறு உரித்த விரல்களால் லீவு லெட்டர் எழுதுகிறார்.

"மலையிலே மாட்டிண்டவரைத் தூக்கிண்டு வந்தேன்னா மேனேஜர் நம்பமாட்டார், சார். அண்ணா கீழே விழுந்துட்டார்னு எழுதிட்டேன்."

"உங்க அண்ணன் எங்க இருக்காரு?"

"எனக்கேது அண்ணா? ஆத்துல நான்தான் மூத்தவன்."

டிபன் டப்பாவோடு வந்த அவருடைய ஆபீஸ் நண்பர் லெட்டரை வாங்கிப் படித்துப் பதறுகிறார். "அடடா, அண்ணாவுக்கா? எங்கே இருக்கார்?"

சேஷாத்ரி திருதிருவென்று விழிக்கிறார். எழுதிய பொய்யைச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

"நான்தாங்க அண்ணன்" என்கிறேன். "தம்பி கூட இருக்கான். பயப்பட ஒண்ணுமில்லை."