பெயரோடு ஊரைச் சேர்த்தோம்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். வக்கீல் நோட்டீஸ் வந்த அன்று அதைப் பாதி படித்ததுமே, "நாம என்ன திருடங்களா?" என்று கத்தினேன். தையல் மெஷினில் உட்கார்ந்திருந்த என் மனைவி தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "மொதல்ல முழுசாப் படிங்க," என்றாள்.

நான் திருப்பூர் பக்கம் பெருமாநல்லூரில் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். குழந்தைகளுக்கான துணி விற்கும் ஒரு பெரிய வெளியூர் நிறுவனத்துக்கு எங்கள் கம்பெனி தைத்துக் கொடுக்கிறது. என் மனைவியும் அங்கேதான் பத்து வருஷம் டெய்லராக இருந்தாள். அந்த நிறுவனத்தின் லேபிளை எத்தனை ஆயிரம் கழுத்தில் வைத்துத் தைத்தாள் என்று அவளுக்கே தெரியாது.

எங்கள் மகள் எட்டாம் மாதத்திலேயே பிறந்துவிட்டாள். ஊர் முழுக்கத் துணி தைக்கிற ஊரில் அவளுக்குப் போட ஒரு சட்டை கிடைக்கவில்லை. எதைப் போட்டாலும் தொளதொளவென்று இருந்தது. மனைவி கண்ணாலேயே அளவெடுத்து ஒரு குட்டி ஜப்லாச் சட்டை தைத்தாள். அதைப் பார்த்து ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டில்காரர்களும் கேட்டார்கள். மகள் தேறி வீட்டுக்கு வந்த பிறகும் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். நான் வெட்டித் தர, அவள் வீட்டிலேயே தைத்தாள்.

இணையத்தில் விற்கலாம் என்று சொன்னது நான். பெயர் வைத்த மேதாவியும் நானேதான். அந்த நிறுவனத்தின் பெயரை எழுதி, பின்னால் திருப்பூர் என்று சேர்த்துத் தேடினேன். அந்த டொமைன், அதாவது இணைய விலாசம், காலியாக இருப்பதாகத் திரை காட்டியது. வாங்கிவிட்டேன். அது தப்பென்று எனக்குத் துளியும் தோன்றவில்லை. எங்கள் ஊரில் ஒரே சாமி பெயரில் பத்து கம்பெனி இருக்கும். எது என்று கேட்டால் ராயபுரத்துக் கம்பெனி, பல்லடம் ரோட்டுக் கம்பெனி என்று இடத்தைச் சேர்த்துச் சொல்வோம். இடம் வேறென்றால் ஆளும் வேறு, அவ்வளவுதான். உலகமே அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

பல்லடத்தில் ஒரு வக்கீலம்மாவிடம் போனோம். அந்த நிறுவனம் அனுப்பிய நோட்டீஸை அவர் நிதானமாகப் படித்தார்.

"காலின்னு காட்டுனது, அந்த விலாசத்தை யாரும் வாங்கலைங்கறதுக்கு மட்டுந்தாங்க. பேரு அவங்களுது. குழந்தைத் துணிக்குன்னே டிரேட்மார்க் பதிஞ்சு வெச்சிருக்காங்க. நீங்க ஊர்ப் பேரைச் சேத்துனா, அவங்களோட திருப்பூர்க் கடைன்னுதான் சனங்க நெனைப்பாங்க."

"பத்து வருஷமா இவ தெச்ச லேபிளுங்க அது," என்றேன் விறைப்பாக.

"அதைப் பெருமையாச் சொல்லாதீங்க. தெரிஞ்சேதான் எடுத்தீங்கன்னு ஆயிரும்."

மனைவி கேட்டாள். "அவங்கன்னு நெனச்சு யாராச்சும் எங்ககிட்ட வாங்கியிருப்பாங்களாங்க?"

"உங்களுக்கு வந்த மெசேஜைப் பாத்தாத் தெரியுமுங்க," என்றார் அவர்.

திரும்பி வரும்போது பஸ்ஸிலேயே பார்க்கத் தொடங்கினாள். மதுரைப் பக்கத்திலிருந்து ஒரு தாய் அனுப்பிய மெசேஜ் அவளுக்கு உயிர். 'இந்தச் சட்டையைப் போட்ட அன்னிக்குத்தான் என் பிள்ளை அழாமத் தூங்கினான்' என்ற வரியை எனக்கு எத்தனை தடவை படித்துக் காட்டியிருப்பாள்! அதற்கு மேலேயே இன்னொரு வரியும் இருந்தது. 'உங்க துணியத்தான் எங்க அக்கா பிள்ளைகளுக்கும் கடையில வாங்குவோம். அந்த நம்பிக்கையிலதான் எடுத்தேன்.' நாங்கள் எந்தக் கடைக்கும் துணி போட்டதில்லை.

போனை மடியில் கவிழ்த்து வைத்தாள். "அப்ப அது எனக்குச் சொன்னதில்லீங்களா?" என்றாள்.

எனக்கு வெட்கமாக இருந்தது. அவள் கையால் செய்ததன் மேல் அடுத்தவர் பெயரை ஒட்டியது நான். அவளுக்கு வர வேண்டிய நல்ல வார்த்தையில் எது அவளுடையது என்றே தெரியாமல் செய்துவிட்டேன்.

இனி அந்தப் பெயரைத் தொடமாட்டோம் என்று எழுதிக் கொடுத்து, டொமைனையும் அவர்களிடமே ஒப்படைத்தோம். அதற்கப்புறம் அவள் மெஷின் பக்கமே போகவில்லை. கேட்டால், "பாக்கலாங்க," என்பாள். நோட்டீஸுக்குக்கூட நான் அப்படிப் பயந்ததில்லை. இனி அவள் தைக்கவே மாட்டாளோ என்று பயந்தேன்.

ஒரு மத்தியானம் வாங்கியவர்கள் எல்லோருக்கும் அவளே மெசேஜ் அனுப்பினாள். 'நாங்க அந்தப் பெரிய கம்பெனி இல்லீங்க. திருப்பூர்ல ஒரு ஊட்டுல தெக்கறோம். அந்தப் பேரு வெச்சது எங்க தப்பு. துணி வேண்டாம்னா திருப்பி அனுப்பிருங்க.' நாமே போய் எதற்குச் சொல்ல வேண்டும் என்று குதித்தேன். "நீங்க கொஞ்சம் சும்மா இருங்க," என்று ஒரே போடாகப் போட்டாள்.

பலர் பதிலே அனுப்பவில்லை. ஒருவர் நன்றாகத் திட்டியிருந்தார். அதுவும் எங்களுக்கு வேண்டியதுதான். மூன்றாம் நாள் அந்த மதுரைக்காரத் தாயிடமிருந்து பதில் வந்தது.

'கம்பெனின்னு நெனச்சுத்தான் வாங்கினேன் அக்கா. இருக்கட்டும். தம்பி இப்ப மூணு கிலோ ஆயிட்டான். அந்தச் சட்டையில கை நுழைய மாட்டேங்குது. அடுத்த சைஸ் நீங்க தச்சுத் தருவீங்களா?'

அதைப் படித்துவிட்டு அவள் அழுதாள். நானும் அழுதேன், சொல்வதற்கென்ன. குறைமாதக் குழந்தை அளவைத் தாண்டி அடுத்த சைஸ் என்று ஒன்று எங்களிடம் இருந்ததே இல்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மெஷின் மேலிருந்த துணியை விலக்கினாள்.

"கைக்கு எத்தனை இஞ்சு கூட்டோணும், சொல்லுங்க," என்றாள்.