வரதனுக்காக வெட்டிய வண்டி

கும்மிடிப்பூண்டியிலிருந்து தகடு ஏற்றி வரும் லாரி என் பட்டறை வாசலில் நிற்காமல் போய்விடும். அன்று காலை நின்றது. டிரைவர் தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டு இறங்கி வந்தபோதே நல்ல சேதி இல்லை என்று தெரிந்துவிட்டது. "மாணிக்கண்ணே, நம்ம நெட்ட வரதன் பூட்டாருண்ணே. காலைல ஷிப்டுக்கு வந்து டீ குடிச்சிக்கினு இருந்தாரு. நெஞ்ச புடிச்சிக்கினு உக்காந்தாரு, அவ்ளோதான்" என்றார். லேத் ஓடிக்கொண்டே இருந்தது. அதை நிறுத்த எனக்குத் தோன்றவில்லை. டிரைவர்தான் போய் நிறுத்தினார்.

வரதனுக்கு நாற்பதைத் தாண்டி ஓரிரு வருஷம்தான் ஆகியிருந்தது. அது சாகிற வயசா? எனக்குத் துக்கத்துக்கு முன்னால் கோபம்தான் வந்தது. அது இன்னும் முழுசாக அடங்கவில்லை. அவனோடு வேலை பார்த்த நீங்கள் அவனைப் பற்றி நாலு வார்த்தை எழுதித் தரச் சொன்னீர்கள். மறைந்தவரை 'அவர்' என்று எழுதுவதுதான் முறை. ஆனால் நான் 'வரதன் அவர்கள்' என்று சொல்லியிருந்தால், யாரைச் சொல்கிறேன் என்று அவனே பின்னால் திரும்பிப் பார்த்திருப்பான். அதனால் 'அவன்' என்றே எழுதுகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்களுக்கு அவனைக் கும்மிடிப்பூண்டியில் ஃபிட்டராகத் தெரியும். எனக்கு அதற்கும் முன்னால், கடம்பத்தூர் பக்கத்துக் கிராமத்தில் பல்லக்குத் தூக்குகிற வீட்டுப் பிள்ளையாகத் தெரியும். அந்த ஊர்ப் பெருமாளைத் திருவிழாவில் தோளில் சுமந்து வீதி சுற்றி வருவது அவன் குடும்பத்துப் பாத்தியதை. அவன் அப்பாவை அவன் கூப்பிடுகிற மாதிரியே நாங்கள் எல்லோரும் 'நைனா' என்றுதான் கூப்பிடுவோம். நைனா, சித்தப்பன்மார், தம்பிகள் எல்லோரும் குட்டையாக, கெட்டியாக, உரல் போல இருப்பார்கள். வரதன் மட்டும் யாரைக் கேட்டு வளர்ந்தானோ தெரியவில்லை, பனைமரம் கணக்காக நின்றான்.

பல்லக்குத் தண்டுக்கு எல்லாத் தோளும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். குட்டையானவர் தோளில் துணிச் சும்மாடு வைத்து ஏற்றிக்கொள்ளலாம். நெட்டையானவனுக்கு அப்படி ஒரு வழி கிடையாது, முட்டியை மடக்கித்தான் நடக்க வேண்டும். வரதன் நாலு வீதியும் முட்டியை மடக்கியே நடப்பான். பார்க்கிற எனக்கே கால் கடுக்கும். ஒரு திருவிழாவில் பொறுக்க முடியாமல், "நிமிர்ந்து நடடா, யார் கேக்கப்போறாங்க?" என்று கேட்டேன். அவன் சொன்னான்: "நிமிந்தா எனக்குச் சொகம்தாம்பா. பல்லக்கு சாஞ்சிடும். சாஞ்சா பாரமெல்லாம் குட்டையா கீறவன் தோளுக்குப் பூடும். எனக்கு முன்னாடி எங்க நைனா கீறாரு."

சில வருஷம் அப்படியே ஓட்டினான். அப்புறம் இரண்டு முட்டியும் வீங்கிப் படுத்துவிட்டான். ஊர்ப் பெரியவர்கள் பேசி அவனைத் தண்டிலிருந்து விலக்கி, பெருமாளுக்குக் குடை பிடிக்கச் சொன்னார்கள். உயரத்துக்கு ஏற்ற வேலை என்று எல்லோருக்கும் திருப்தி. நைனா மட்டும், "குடைய எவன் வேணா புடிப்பான்" என்றாராம். வரதன் இதை என்னிடம் சிரித்துக்கொண்டேதான் சொன்னான். வாங்கிய டீயைக் குடிக்காமல் அப்படியே வைத்துவிட்டுப் போய்விட்டான்.

அந்த நாளில் வருஷா வருஷம் சோழவரத்தில், பழைய விமான ஓடுதளத்தில், மோட்டார் பந்தயம் நடக்கும். நானும் வரதனும் வெல்டர் காதர் பாயும் சைக்கிள் மிதித்துப் போய்ப் பார்ப்போம். பெரிய கார்களுக்கு நடுவே குட்டி வண்டிகளுக்கும் ஒரு பந்தயம் விடுவார்கள். கோ-கார்ட் என்று பேர். நாலு சக்கரம், ஒரு இருக்கை, பின்னால் ஒரு இன்ஜின், அவ்வளவுதான். தரையில் உட்கார்ந்துகொண்டே பறக்கிற மாதிரி இருக்கும். எனக்கு அந்தப் பித்து பிடித்துவிட்டது. பழைய ஸ்கூட்டர் இன்ஜின் ஒன்றைத் தேடிப் பிடித்து, பைப்பை வளைத்து, காதர் பாயை விட்டு ஒட்டவைத்து நானே ஒன்று செய்தேன். என் உடம்புக்கு அளவெடுத்துத்தான் செய்தேன். என் உயரம் தெரியாதவர்கள், வரதனின் மார்பு வரை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வற்றிப்போன ஏரியில் அதை ஓட்டிப் பார்த்தோம். முதலில் நான். அப்புறம் வரதன் ஆசைப்பட்டு உட்கார்ந்தான். முட்டி இரண்டும் காதுக்குப் பக்கத்தில் வந்துவிட்டன. காதர் பாய் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "இன்னா வரதா, வண்டிய நீ ஓட்றியா, இல்ல வண்டி உன்ன கடிச்சிக்கினு ஓடுதா?" என்றார். ஸ்டியரிங்கைத் திருப்பினால் முட்டியில் இடித்து நின்றது. அந்தப் பேஜாரோடும் அவன் என்னைவிட வேகமாகச் சுற்றி வந்தான். வளைவில் நான் பயந்து பெடலிலிருந்து காலை எடுக்கிற இடத்தில் அவன் எடுக்கவில்லை. வண்டி எந்தப் பக்கம் கனக்கிறது என்று அவன் உடம்புக்குத் தெரிந்திருந்தது. எனக்கு வயிறு எரிந்தது, மறைப்பானேன். ஆனால் கண் முன்னால் நடந்ததை இல்லை என்று சொல்ல முடியுமா?

"ரேஸ்ல நீ ஓட்டு. உன் அளவுக்கு வெட்டிடலாம்" என்றேன். அவன் ஒத்துக்கொள்ளவில்லை. "வண்டி உன்னுதுபா. எனக்குத் தோதா வெட்டினா உனக்குக் கால் எட்டாது. அப்புறம் நீ இன்னா பண்ணுவ?" என்றான். அப்புறம் ஏரிக்கரையைப் பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னான்: "முட்டிய மடக்காம ஒரு தபா ஓட்டணும்னு ஆசைதான்." அதைக் கேட்ட பிறகு எனக்கு வேறு யோசனையே இல்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் வேலை நடந்தது. முதலில் இருக்கையை ஒரு சாண் பின்னால் தள்ளிப் பார்த்தோம். காலுக்கு இடம் கிடைத்தது, ஆனால் வளைவில் ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் வண்டி கேட்காமல் நேராகப் போய்ப் புதரில் நின்றது. நான் சக்கரத்தைத் திட்டினேன். வரதன் புதரிலிருந்து முள்ளை எடுத்துக்கொண்டே, "சக்கரத்த ஏன் திட்ற? பாரமெல்லாம் பின்னாடி பூட்ச்சி. முன்னாடி தூக்கறவன் சும்மா கைய வீசிக்கினு நடக்கறான்" என்றான். இருக்கையை மறுபடி பழைய இடத்துக்கே கொண்டுவந்தோம். இந்தத் தடவை பைப்புக்கு மேலே வைக்காமல், இரண்டு பைப்புக்கும் நடுவே கீழே இறக்கித் தொங்கவிட்டோம். தரைக்கும் அதற்கும் இரண்டு விரல் இடைவெளிதான். பெடலை முன்னால் தள்ளுவதற்கு, வண்டியின் மூக்குப் பக்கத்துப் பைப்பை அறுத்து நீட்ட வேண்டியிருந்தது. வரதன் ரம்பத்தைத் தொடமாட்டேன் என்றுவிட்டான். காதர் பாயும் என் முகத்தைப் பார்த்தார். நானே அறுத்தேன்.

எல்லாம் முடிந்ததும் நான் சும்மா உட்கார்ந்து பார்த்தேன். கால் பெடலுக்குப் பக்கத்தில்கூடப் போகவில்லை. "நாஷ்டாவுக்குப் போலாம் வாங்க" என்று எழுந்துவிட்டேன். வரதன் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறான்.

பந்தயத்தன்று அவன் கிளம்பும் கோட்டில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தது இன்னும் கண்ணிலேயே இருக்கிறது. கல்யாணப் பந்தியில் இடம் கிடைத்தவன் போல ஒரு நிம்மதி முகத்தில். கான்கிரீட் தளத்தில் இணைப்பு வருகிற இடமெல்லாம் இருக்கையின் அடித்தகடு தரையில் உரசிக் கத்தியது. ஒவ்வொரு கத்தலுக்கும் காதர் பாய் கண்ணை மூடிக்கொண்டார். வரதன் முதலாவதாக வரவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். நடுவில் எங்கோ வந்தான். வண்டியை ஓரம் கட்டி இறங்கி, காலை உதறிப் பார்த்து, "முட்டி வலிக்கலபா" என்றான். ஜெயித்தவன் என்ன சொன்னான் என்று எனக்குத் தெரியாது. அதைவிடப் பெரிதாக ஒன்றும் சொல்லியிருக்க மாட்டான்.

கூட்டம் கலைந்துகொண்டிருந்தது. வரதன் தன் பையிலிருந்து இரண்டு மரக்கட்டைகளை எடுத்துப் பெடல் மேல் வைத்து, சைக்கிள் ட்யூப் கீற்றால் இறுக்கிக் கட்டினான். அப்புறம் ஒரு பழைய அரக்குத் துணிச் சும்மாட்டை எடுத்து இருக்கையின் முதுகில் வைத்து, "ஏறு" என்றான். சந்தனமும் வியர்வையும் கலந்து வீசிய அந்தச் சும்மாடு எனக்குத் தெரியும். நைனா பல்லக்குக்குத் தோளில் வைப்பது.

"இத ஏண்டா எடுத்துக்கினு வந்த?" என்றேன்.

"நைனாண்ட கேட்டேன். எதுக்குன்னு கேக்கல, குடுத்துட்டாரு. குட்டையா கீறவனுக்குத்தானே சும்மாடு" என்றான்.

கால் எட்டியது. ஆள் குறைந்துபோன அந்தத் தளத்தில், அவனுக்காக நீட்டிய வண்டியில், நான் ஒரு சுற்று முழுசாக ஓட்டினேன். அழுதேனா என்று கேட்காதீர்கள், காற்று பலமாக இருந்தது.

பிறகு கும்மிடிப்பூண்டியில் தொழிற்சாலைகள் வர ஆரம்பித்ததும் அவன் அங்கே வேலைக்குப் போனான். வண்டி அந்தச் சும்மாட்டோடு என் பட்டறைச் சுவரில் ஏறிக்கொண்டது. அங்கே அவன் வேலை செய்த பெஞ்சு அவனுக்கு மிகவும் தாழ்வு என்று உங்களில் ஒருவர் சொல்லி, நான் அவனிடம் சண்டைக்குப் போனேன். பெஞ்சுக்குக் கீழே கட்டை கொடுத்து உயர்த்துடா என்றேன். "அடுத்த ஷிப்டுல வர்ற ஆளு குட்டையா கீறாருபா" என்றான். அவருக்கு நிற்க ஒரு பலகை போட்டால் போதாதா என்றேன். "எண்ணெ வழியற தரை. பலகை வழுக்கும்" என்றான். அத்தனை வருஷமும் குனிந்தே வேலை செய்தான். இதற்குத்தான் எனக்கு அவன் மேல் கோபம்.

சேதி வந்த அன்று, கிளம்பும்போது வண்டியிலிருந்து சும்மாட்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டேன். ஏன் எடுத்தேன் என்று அப்போது கேட்டிருந்தால் சொல்லத் தெரிந்திருக்காது. அவன் ஊருக்கு நானும் காதர் பாயும் போய்ச் சேர்ந்தபோது பாடை கட்டிக்கொண்டிருந்தார்கள். மூங்கிலை வழக்கமான அளவுக்கு வெட்டியிருந்தார்கள். அவனைக் கிடத்தினால் கால் வெளியே போனது. "முட்டிய கொஞ்சம் மடக்கிக் கட்டிடலாம்" என்றார் ஒருவர்.

எனக்கு எங்கிருந்து அந்தக் குரல் வந்ததோ. "யாரும் அவன் முட்டிய மடக்கக் கூடாது. வேற மூங்கில் கொண்டாங்க" என்றேன். சாவு வீட்டில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். காதர் பாய் அரிவாளை வாங்கிக்கொண்டு போய் நீளமாக இரண்டு மூங்கில் வெட்டி வந்தார். வரதன் காலை நீட்டிப் படுத்தான்.

தூக்கும்போது நானும் தோள் கொடுக்கப் போனேன். "நீ வேணாம் மாணிக்கம், குட்டையா கீற. சாஞ்சிடும்" என்று அவன் சித்தப்பா தடுத்தார். அவர் சொன்னதில் தப்பில்லை. தூக்க நின்றவர்களில் பாதிப் பேர் தொழிற்சாலையிலிருந்து வந்த நீங்கள். எல்லோரும் என்னைவிட உயரம். நான் விலகி நின்றேன். சுவரோரம் உட்கார்ந்திருந்த நைனா என் கையிலிருந்த துணியையே பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்து வந்து அதை வாங்கினார். ஒரு மடிப்பு மடித்து, தண்டின் உயரத்தைக் கண்ணால் பார்த்து, இன்னொரு மடிப்பு மடித்து என் தோளில் வைத்து அமுக்கினார். "இப்ப சரியா கீது. தூக்கு நைனா" என்றார். பெற்ற பிள்ளையைக் கூப்பிடுகிற மாதிரி என்னை அப்படிக் கூப்பிட்டார்.

சுடுகாடு வரைக்கும் பாடை சாயவில்லை.

திரும்பி வந்து சும்மாட்டை நைனாவிடம் நீட்டினேன். அவர் வாங்கவில்லை. "வண்டிலியே இருக்கட்டும்" என்றார். அது இத்தனை வருஷம் எங்கே இருந்தது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

வண்டியை மறுபடி உன் அளவுக்கே குறுக்கிக்கொள்ளேன் என்று பட்டறைக்கு வருகிறவர்கள் சொல்கிறார்கள். அறுக்கிறதாக இல்லை. அது வரதன் அளவிலேயே இருக்கும். எனக்கு ஓட்ட வேண்டும் என்று தோன்றினால், முதுகுக்குச் சும்மாடு வைத்துக்கொள்வேன்.