சிறந்த நடிகருக்குப் பதிலாக

ஒன்பது வருடம் தொடர்ந்து சிறந்த நடிகர் விருதை மேடையேறி வாங்கியவன் நான். நடித்தவர் வரமாட்டார், அதனால் நான் வாங்குவேன்.

நல்லேப்பிள்ளிப் பக்கம் எங்களுக்கு நெல்வயலும் கொஞ்சம் தென்னையும் இருக்கின்றன. பக்கத்து ஊரில் ஒரு கலா சமிதி. ஆண்டுதோறும் சினிமாவிலும் டிவி தொடரிலும் நடித்தவர்களுக்கு, மலையாளம் தமிழ் இரண்டுக்கும், விருது கொடுப்பார்கள். எல்லையில் இருப்பவர்கள் அல்லவா, இரண்டு பக்கத்துக்கும் நியாயம் செய்வதாக நினைப்பு. ஜெயித்தவர்களுக்கு ரிஜிஸ்டர் தபால் போகும். பதில் வராது. ஒரே ஒரு நடிகரின் மேனேஜர் மட்டும் போன் செய்து, கார் அனுப்புவீர்களா, தங்கும் அறையில் ஏசி உண்டா என்று கேட்டார். செயலாளர் பயந்துபோய் ராங் நம்பர் என்று சொல்லி வைத்துவிட்டார்.

முதல் வருடம் சிறந்த நடிகரின் பெயரை மூன்று முறை கூப்பிட்டார்கள். சிறப்பு விருந்தினர் கேடயத்தை ஏந்திக்கொண்டு நின்றார். முன்வரிசையில் ஜரிகை வேட்டியோடு இருந்தது நான் ஒருவன்தான். செயலாளர் கண்ணைக் காட்டினார், ஏறிவிட்டேன். அடுத்த வருடத்திலிருந்து ஒவ்வொரு விருதுக்கும் ஒரு ஆளை முன்கூட்டியே போட்டுவைத்தார்கள். நடிகைக்கு அங்கன்வாடி டீச்சர். வில்லனுக்குப் பால் சொசைட்டிக்காரர். நல்ல நடிகருக்குப் பதிலாக நிற்க ஆட்கள் சிபாரிசுகூடப் பிடித்தார்கள்.

நானும் லேசுப்பட்டவன் இல்லை. எந்த நடிகரையும் நேரில் பார்த்தது கிடையாது. ஆனாலும் மைக் முன்னால் நின்றால் அவர் எனக்குப் பங்காளி ஆகிவிடுவார். கொஞ்சம் தொண்டையை அடைத்துக்கொண்டு பேசுவேன். கூட்டம் உருகும்.

கேடயங்களை அனுப்பினால் விலாசதாரர் இல்லை என்று திரும்பி வரும். சமிதிக்கு இருப்பதோ ஒரே அறை. அதனால் எல்லாம் எங்கள் வீட்டு அலமாரிக்கு வந்தன. அலமாரி நிறைந்ததும் என் மனைவி சிறந்த வில்லனை எடுத்து இட்லி மாவுப் பாத்திரத்தின் மேல் வைத்தாள். பூனை அதன்பிறகு மூடியைத் தள்ளியதில்லை.

அவள் ஒரு விழாவுக்கும் வந்ததில்லை.

"அடுத்தவங்க சாமானத்த வாங்கறதுக்கு இத்தன சோப்புப் போட்டுக் குளிக்கறீங்க. அதப் பாக்க நா எதுக்குங்க வரோணும்?" என்பாள்.



போன வருடம் எங்கள் வயலில் ஒரு தமிழ்த் தொடரின் படப்பிடிப்பு நடந்தது. விவசாயியாக நடிக்க வந்தவருக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. டைரக்டர் சுற்றிலும் பார்த்துவிட்டு என்னை நிற்கச் சொன்னார். வில்லன் நிலத்தைக் கேட்பான், நான் மாட்டேன் என்று கத்த வேண்டும். அவ்வளவுதான். முந்தின வாரம்தான் நிஜமாகவே ஒரு புரோக்கர் வந்து அதே வயலைக் கேட்டிருந்தான். அந்த எரிச்சல் ஆறவில்லை. நான் கத்திய கத்தலில் வில்லன் வசனத்தை மறந்துவிட்டான். டிவியில் வந்தபோது மனைவி உற்றுப் பார்த்துவிட்டு, "வேட்டிய இன்னுங் கொஞ்சம் ஏத்திக் கட்டியிருக்கலாமுங்க" என்றாள்.

இந்த வருடம் எனக்கு ரிஜிஸ்டர் தபால் வந்தது. தினமும் டீக்கடையில் என் பக்கத்தில் உட்காரும் செயலாளர் ஒரு வார்த்தை சொல்லாமல் அனுப்பியிருந்தார். சிறந்த கௌரவ வேடம், தொலைக்காட்சி. மனைவி கடிதத்தை இரண்டு முறை படித்தாள். பிறகு பீரோவிலிருந்து கல்யாணப் பட்டுச்சேலையை எடுத்து வெயிலில் போட்டாள்.

"இந்த வாட்டி நானும் வாரனுங்க."

எனக்குக் கேடயம்கூடப் பெரிதில்லை. என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, எனக்கென்று ஒன்றைக் கொடுப்பதை அவள் பார்க்க வேண்டும். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அப்படி ஒன்று நடந்ததே இல்லை. அந்த ஆசையில் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

விழா ஒரு கல்யாண மண்டபத்தில், மத்தியானம். அவளும் நானும் முன்வரிசையில் உட்கார்ந்தோம். முதலில் சிறந்த நடிகரைக் கூப்பிட்டார்கள். பழக்கதோஷம், ஏறி வாங்கிப் பேசிவிட்டு இறங்கினேன். என் முறை எப்போது என்று செயலாளரிடம் போய்க் கேட்டேன். அவர் அச்சடித்த காரியபரிபாடி நோட்டீஸைக் காட்டினார். என் பெயருக்கு நேரே, பெற்றுக்கொள்பவர் மெடிக்கல் கடைக்காரர் என்று இருந்தது.

"ஏனுங்க, நாந்தான் வந்திருக்கறனே?"

"ஒரு ஆளு ஒருக்காத்தானுங்க மேடையேறலாம். நீங்க ஏறியாச்சு."

அந்தச் சட்டம் வந்ததே என்னால்தான். ஒரு வருடம் நான் நான்கு விருது வாங்கி, எல்லாப் போட்டோவிலும் நானே நின்றுவிட்டேன்.

"அப்ப அந்தச் சிறந்த நடிகர் கேடயத்தத் திருப்பிக் குடுத்தர்றனுங்க."

"அவரு மனசு சங்கடப்படாதுங்களா?" என்றார் செயலாளர், நிஜமான வருத்தத்தோடு.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ஒரு நிமிடம் எனக்கும் அவர் மனசு சங்கடப்படுமே என்று தோன்றியது. அதற்குள் என் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள். நான் இடத்துக்கு வந்து உட்கார்ந்தேன்.

மெடிக்கல் கடைக்காரர் கோட்டுப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். இரண்டு நாள் முன்பு என்னிடம் வந்து, மேடையில் எப்படிப் பேசுவது என்று கேட்டவர் அவர். யாருக்காக என்று நான் கேட்கவில்லை. எல்லாவற்றையும் சொல்லிக்கொடுத்திருந்தேன். ஒன்றையும் விடாமல் பேசினார்.

"அவரு இப்ப ஐதராபாத்துல சூட்டிங்ல இருக்கறாருங்க. காலைலகூடப் போன்ல பேசினாரு. நம்ம மக்கள்னா அவருக்கு உசுருங்க."

தொண்டையைக்கூட அடைத்துக்கொண்டார். கூட்டம் கைதட்டியது. எனக்குப் பின்னால் இருந்தவர், நாற்பது வருடமாக என் வரப்புக்குப் பக்கத்து வரப்புக்காரர், "பாவம், நேரமே கெடைக்கல போல" என்றார். நானும் கைதட்டினேன். தட்டும்போது கண் எரிந்தது. அவமானம்தான், வேறென்ன.

பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது. பார்த்தால் மனைவி பட்டுச்சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மேடைப் படியில் ஏறிக்கொண்டிருந்தாள். மெடிக்கல் கடைக்காரரின் கையிலிருந்து கேடயத்தை இழுத்தாள். அவர் முதலில் விடவில்லை. பிறகு அவள் முகத்தைப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார். அடுத்த விருதுக்காரர் இவர்தான் என்று நினைத்த சிறப்பு விருந்தினர் அவளுக்கு ஒரு பொன்னாடை போர்த்திக் கும்பிட்டார். அவளும் கும்பிட்டுவிட்டு இறங்கி வந்தாள்.

என் முன்னால் நின்று, கேடயத்தை இரண்டு கையாலும் நீட்டினாள். மண்டபமே பார்த்தது. நான் எழுந்து இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன். ஏதாவது சொல்லியாக வேண்டும். ஒன்பது வருடப் பழக்கம், வாய் என்னைக் கேட்கவில்லை.

"அவருகிட்டச் சேத்திப்போடறனுங்க" என்றேன்.

அவள் பொன்னாடையைச் சரிசெய்துகொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"சேத்திப்போடுங்க" என்றாள். "பாவம், ரொம்ப ஆசப்பட்டாரு."