பேய்களுக்கு நடுவே என் தம்பி

ஆஸ்திரேலியாவில், எங்கள் கிரெய்கிபர்ன் வீட்டு கராஜ் இரண்டு கார் நிறுத்துவதற்காகக் கட்டப்பட்டது. அதில் ஒரு காரும் ஓர் எழுத்தாளரும் இருக்கிறார்கள். எழுத்தாளர் என் கணவர். கிழமை நாட்களில் ஒரு பண்டகசாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுவார். சனி ஞாயிறுகளில் கால்மாட்டில் ஹீட்டரை வைத்துக்கொண்டு தமிழ் இலக்கியத்தைக் காப்பாற்றுவார்.

அவர் எழுதியது பேய் நாவல். பயமுறுத்தும் பேய்கள் இல்லை, சிரிக்கவைக்கும் பகிடிப் பேய்கள். ஊரில் போர் முடிந்துவிட்டது, ஆனால் அதைப் பேய்களுக்கு யாரும் அறிவிக்கவில்லை. அவை வன்னி முழுக்க அலைகின்றன. தங்கள் வீடு இருந்த இடத்தில் லீசிங் கம்பனி இருப்பதைப் பார்த்துத் திகைக்கின்றன. கடைசியில் சலித்துப்போய் ஆஸ்திரேலியாவுக்கு வர மைகிரேஷன் ஏஜென்டைத் தேடுகின்றன. பேய்க்கு எதற்கு விசா என்று கேட்டேன். கதைக்கு வேண்டுமாம். நாங்கள் பட்ட அலைச்சலைப் பேய்களும் படட்டும் என்ற நல்லெண்ணமாக இருக்கலாம்.

மெய்ப்புப் பார்க்கும் பதவி எனக்கு. சம்பளம் கிடையாது, முன்னுரையின் கடைசியில் ‘என் இல்லாளுக்கும்’ என்று ஓர் ‘உம்’ உண்டு. முதல் அத்தியாயங்களைச் சிரித்துச் சிரித்தே வாசித்தேன். அதை அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் அடுத்த நாவலைத் தொடங்கிவிடுவார்.

பிறகு ஒரு புதுப் பேய் வந்தது. சேட்டுக் கொலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு, வீதியில் படுத்துக் கிடக்கும் நாய்களை ‘ஐயா’ என்று கூப்பிட்டுச் சுகம் விசாரிக்கும் பேய். பேனையை வைத்துவிட்டேன். நாய்களை ஐயா என்று கூப்பிட்டவன் எனக்குத் தெரிய ஒருவன்தான். என் தம்பி.

போர் முடிந்த நாட்களில் அம்மா தன் கையாலேயே அவனைப் பஸ்ஸில் ஏற்றிவிட்டார். விசாரித்துவிட்டு விட்டுவிடுவோம் என்று சொல்லித்தான் இராணுவத்தினர் கொண்டுபோனார்கள்; பிறகு ஒரு தகவலும் இல்லை. அம்மா இப்போது சிட்னியில், செவன் ஹில்ஸில் அக்காவோடு இருக்கிறார். அங்கே அப்பாவின் படத்துக்கு மாலை உண்டு, பொட்டு உண்டு, ஆடி அமாவாசை விரதம் உண்டு. பக்கத்தில் இருக்கும் தம்பியின் படத்துக்கு ஒன்றும் கிடையாது. விபரம் தெரியாத விருந்தாளி ஒருவர் அதற்கு ஒரு பூ வைத்தார். அம்மா அதை எடுத்து அப்பாவின் பக்கம் வைத்துவிட்டுத் தேத்தண்ணீர் ஊற்றப் போனார். அந்த வீட்டில் தம்பி வெளியே போயிருக்கிறான், அவ்வளவுதான். இவரோ நாவலுக்கு ஒரு பகிடி வேண்டுமென்று அவனுக்குத் திவசமே கொடுத்துவிட்டார்.

நேரே கராஜுக்குப் போனேன்.

“என்ர தம்பியைப் பேயாக்கிப் போட்டீங்கள்.”

“இஞ்சேரும், அவன்தான் கதையில ஹீரோ. நல்ல இடம் குடுத்திருக்கிறன்.”

“பேய்க்கு என்ன நல்ல இடம்? வெளியீட்டுக்கு அம்மா வாறா. முன் வரிசையில இருக்கப் போறா.”

மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “அப்ப அவனை எடுத்துவிடட்டோ?”

அதுவும் எனக்குப் பொறுக்கவில்லை. ஒருதரம் காணாமல் போனவனை இன்னொருதரம் நானே இல்லாமல் ஆக்குவதா? கோபம் வந்தது, கூடவே அழுகையும் வந்தது.

“பேயள் அலையட்டும். அவனை மட்டும் உயிரோட விடுங்கோ” என்றேன்.

அவர் வாக்குவாதம் செய்யவில்லை. எங்கள் குடும்ப வாழ்க்கையில் அது புது அனுபவம். உட்கார்ந்து திருத்தி எழுதினார். பஸ்ஸில் ஏற்றப்பட்டவன் எங்கோ இறங்கி, பேய்களிடம் வழி கேட்டுக் கேட்டு, வீட்டைத் தேடி நடந்துவருகிறான்.

வெளியீடு வழக்கப்படி நடந்தது. விளக்கு ஏற்றினார்கள், போரில் இறந்தவர்களுக்கான அகவணக்கத்துக்கு எழும்பி நின்றோம், பொன்னாடை போர்த்தினார்கள். பேச்சாளர்கள் புத்தகத்தைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பேசினார்கள். வந்தவர்கள் சாப்பிட வைத்திருந்த ரோல்ஸ் ஆறிக்கொண்டிருந்தது. கடைசியில், எந்த வெளியீட்டிலும் கருத்துச் சொல்லாமல் வீட்டுக்குப் போகாத ஓர் அங்கிள் ஒலிவாங்கியைப் பிடித்தார். அவர் ஒருவர்தான் புத்தகத்தை வாசித்திருந்தார் என்பது எங்கள் கெட்ட காலம்.

“பேயள் எல்லாம் அந்தமாதிரி, நல்ல திறம். கண்ணுக்கு முன்னால நிக்குதுகள். ஆனா பஸ்ஸில ஏத்தின அந்தப் பெடியன் உயிரோட திரும்பி வாறது மட்டும் நம்பேலாமக் கிடக்கு. எழுத்தாளர் அதைக் கொஞ்சம் யோசிச்சிருக்கலாம்.”

பின்வரிசைகளில் “ஓம், ஓம்” என்றார்கள். மேடையில் என் கணவர் குனிந்து பொன்னாடையின் கரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பக்கத்தில் இருந்த அம்மா என் கையைப் பிடித்தார்.

“பிள்ளை, ஏனாம் நம்பேலாது?”