மாப்பிள்ளை வாங்கித் தந்த ரேம்

கொரோனா ஓய்ந்து, வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்று கம்பெனிகள் ஆள் எடுத்துக்கொண்டிருந்த சமயம். உத்தமபாளையம் பக்கத்தில் அனுமந்தன்பட்டியில் எங்கள் வீடு. நான் எம்.சி.ஏ. முடித்துவிட்டு, பெண் பார்க்க வருகிறவர்களுக்கெல்லாம் காபி கொடுத்துக்கொண்டிருந்தேன். கோயம்புத்தூர்க் கம்பெனி ஒன்று முதல் சுற்றுகளில் என்னைத் தேர்வு செய்து, கடைசிச் சுற்றாக ஒரு பகல் முழுக்க ஆன்லைனில் வேலை செய்துகாட்டச் சொன்னது. அப்பாவிடம் அடம்பிடித்து ஒரு வாக்கு வாங்கினேன். வேலை கிடைத்தால் கல்யாணப் பேச்சைத் தள்ளிப்போட வேண்டும். கிடைக்காவிட்டால் அவர் காட்டுகிற இடத்தில் நான் கழுத்தை நீட்ட வேண்டும்.

கம்பெனி கேட்ட அளவுக்கு என் கம்ப்யூட்டரில் மெமரி இல்லை. தேவதானப்பட்டியில் இருக்கும் அக்காவின் கணவர் இதைக் கேள்விப்பட்டு, தேனியில் ஒரு கடையில் ரேம் வாங்கி, தானே பைக்கில் கொண்டுவந்து மாட்டியும் கொடுத்தார். அம்மா கோழி அடித்துக் குழம்பு வைத்தாள். குறை சொல்லக் கூடாது, மச்சான் நல்ல மனசோடுதான் செய்தார்.

மறுநாளிலிருந்து ஆரம்பித்தது சனியன். வேலை பார்த்துக்கொண்டிருக்கும்போதே திரை நீலமாகும், தானாக அணையும், தானாக எழுந்திருக்கும். சில நாள் மதியம் வரை ஒழுங்காக ஓடும். சில நாள் பாஸ்வேர்டு போடுவதற்குள் போய்விடும்.

வீட்டில் ஆளாளுக்கு வைத்தியம் சொன்னார்கள். பக்கத்துத் தோட்டத்தில் மோட்டார் போட்டால் வோல்டேஜ் இறங்குகிறது என்றார் அப்பா. யூ.பி.எஸ். பேட்டரியை மாற்றினோம். வைரஸ் என்றார் சித்தப்பா. எல்லாவற்றையும் அழித்துவிட்டு விண்டோஸை மறுபடி ஏற்றினேன். செல்போனைப் பக்கத்தில் வைக்கிறேனாம், அதுதான் காரணமாம், இது அம்மா. புதிதாக உள்ளே போனது எது என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை.

நான் மூடியைக் கழற்றி, புது ரேமை எடுத்துவிட்டு, பழையதை மட்டும் வைத்து ஓட்டினேன். ஆமை மாதிரி நகர்ந்தது, ஆனால் திரை நீலமாகி விழவில்லை. புதியதை மட்டும் போட்டேன், விழுந்தது. இடம் மாற்றி மாட்டினேன், அப்போதும் விழுந்தது. மெமரியைச் சோதிக்கும் சாஃப்ட்வேரை ஓட்டினால் திரையெல்லாம் சிவப்புக் கோடு. சந்தேகமே இல்லை, ரேம் பழுது. பில் மச்சானிடம் இருந்தது. அவருக்கு ஒரு போன் போட்டால் கடையில் மாற்றித் தந்துவிடுவார்கள்.

போனைக் கையில் எடுத்ததும் அம்மா பிடுங்கிக்கொண்டாள்.

"மாப்பிள்ள ஆசையா வாங்கியாந்தாக. அது சொத்தைன்னு அவுககிட்டயே சொல்லுவியா? ஆத்தா, அங்கன வாழுறது ஒங்கக்கா, நீ இல்ல."

அம்மாவின் பயத்துக்குக் காரணம் இருந்தது. முன்பு ஒரு தீபாவளிக்கு அக்காவின் புகுந்த வீட்டார் எடுத்துத் தந்த சேலையைப் பற்றிச் சித்தி ஏதோ சொல்லப்போய், அக்காவின் மாமியார் அதைப் பெரிதாக்கி, அக்கா கண்ணைக் கசக்கிக்கொண்டு எங்கள் வாசலில் வந்து நின்றாள். சரி, வேறு ஒன்றாவது வாங்கித் தாருங்கள் என்று அப்பாவிடம் கேட்டேன்.

"அவுக வந்து தெறந்து பாத்தாகன்னா என்ன நெனப்பாக? ஒரு பகல்தான, ஓடிரும் போ" என்றார். கழற்றியதைத் தன் கண் முன்னாலேயே திரும்ப மாட்டவைத்தார்.

சொந்தக் கம்ப்யூட்டரில்தான் செய்ய வேண்டும் என்பது கம்பெனியின் விதி. பழைய ரேம் மட்டும் இருந்தால் அவர்களுடைய சாஃப்ட்வேர் திறக்காது. அந்த நாள் வந்தபோது, வேறு வழியில்லாமல் பழுதான ரேமோடுதான் உட்கார்ந்தேன். மதியம் வரை ஓடியது. தப்பித்தேன் என்று நினைத்தபோது திரை நீலமானது. மறுபடி உள்ளே போனேன், மறுபடி நீலம். எதிர்ப்பக்கம் என் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்த கம்பெனிப் பெண் பொறுமைசாலிதான். ஆனாலும் கடைசியில், "உங்க சிஸ்டம் ஸ்டெடியா இல்லையேங்க, இதுல எப்படி வேலை பார்ப்பீங்க?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியும், சொல்லத்தான் முடியவில்லை.

வேலை இல்லை என்று மெயில் வந்தது. எல்லாம் நல்லதுக்குத்தான் என்றாள் அம்மா. அந்த ஒரு வார்த்தையை என்னால் இன்னும் மன்னிக்க முடியவில்லை.

தையில் எனக்குக் கல்யாணம் நிச்சயமானது. பத்திரிகைக்கு டிசைன் பார்க்க மச்சான் வந்து அதே கம்ப்யூட்டரில் உட்கார்ந்தார். திரை நீலமானது. அவர் முகத்தில் ஒரு வருத்தமும் இல்லை.

"அட, ரேம் சரியில்ல போலயே. தொந்தரவு பண்ணுனா கொண்டாங்க, மாத்தித் தாரேன்னு கடைக்காரரு அப்பவே சொன்னாரு. எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்லம்மா?"

அம்மா காபி போட உள்ளே போய்விட்டாள். அப்பா பத்திரிகை மாதிரிகளைப் புரட்டிக்கொண்டிருந்தார். அந்த வாரமே மச்சான் வேறு ரேம் கொண்டுவந்து மாட்டினார். அதற்குப் பிறகு கம்ப்யூட்டர் ஒரு தடவைகூட விழவில்லை. என் கல்யாணப் பத்திரிகை அதில்தான் தயாரானது.

இப்போது என் கணவரும் அந்த வீட்டுக்கு மாப்பிள்ளை. அவர் வாங்கிக் கொடுத்த மிக்ஸி ஓடுவதில்லை என்று எனக்குத் தெரியும். அம்மா அதைத் துடைத்துப் பளிச்சென்று மேடையில் வைத்துவிட்டு, அம்மியில் அரைக்கிறாள். சொன்னால் அவர் மறுநாளே மாற்றித் தந்துவிடுவார். அம்மியின் சத்தம் கேட்கும்போதெல்லாம் அன்று என் போனைப் பிடுங்கிய கை ஞாபகத்துக்கு வருகிறது, நானும் வாயைத் திறப்பதில்லை.