கூப்பிட்டால் திரும்பாத பிள்ளை

எனக்கு அறுபத்தாறு வயது. ஆறு பெற்று ஆறையும் ஆளாக்கியவள். பிள்ளை வளர்ப்பில் எனக்கு யாரும் புத்தி சொல்ல வேண்டியதில்லை என்றிருந்தேன்.

என் பேரன் முரளிக்கு ஐந்து வயதாகியும் பேச்சில்லை. பட்டணத்து டாக்டர் பார்த்துவிட்டு, "இது ஆட்டிசம், பிறவியிலேயே இருப்பது" என்றார். மின்சார ரயிலில் தாம்பரம் திரும்பும்போது மருமகள் அழவில்லை. "என் வளர்ப்பு சரியில்லேன்னு சொல்லிட்டே இருந்தீங்களே அத்தை, இப்ப அதுக்கு ஒரு பேர் இருக்கு" என்றாள்.

நானோ, "கடைசிப் பொண்ணுக்கு வரன் பாக்கறோம். அந்தப் பேரு நம்ம வாசலைத் தாண்டக் கூடாது" என்று சொல்லிவிட்டேன்.

அடுத்த மாதமே ஒரு சாயங்காலம் பிள்ளையைக் காணோம். தெருவே தேடியது. புதிதாக வந்த பால்காரர், "ஏரிக்கரையில ஒரு பையன் குந்திகினு கீறான். முரளின்னு கத்திப் பாத்தேன், திரும்பல. வேற யாரோ வூட்டுப் புள்ளம்மா" என்றார்.

மருமகள் ஓடினாள். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பிள்ளை மார்பளவுத் தண்ணீரில் இன்னும் உள்ளே நடந்துகொண்டிருந்தான். அவள் புடவையோடு இறங்கி இழுத்து வந்தாள். என்னைத் திட்டவில்லை. அதன்பிறகு நெடுநாள் என்னிடம் பேசவும் இல்லை.

இப்போது யார் வீட்டுக்கு வந்தாலும் காப்பி கொடுப்பதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன்: "இவனுக்கு ஆட்டிசம். கூப்பிட்டா திரும்ப மாட்டான், கிட்ட போய்க் கையைப் பிடிங்க." அதைக் கேட்டு இரண்டு வரன்கள் எழுந்து போய்விட்டார்கள். போகட்டும்.

எனக்குக் கையெழுத்துப் போடத்தான் வரும். நான் சொல்லச் சொல்ல எழுதியவள் முரளியின் அக்கா. கவிதா, எங்கே, முதலிலிருந்து படி. சத்தமாகப் படிடி, தெருவுக்கும் கேட்கட்டும்.