ஈரம் காயும் வரை

போபோடியில் ரயில் பாதையை ஒட்டிய பழைய குடோன் ஒன்றுதான் எங்கள் ஒத்திகைக் கூடம். நாங்கள் மூன்று பேர். ஓவியர் கறுப்புச் சுவரில் வெறும் தண்ணீரால் வரைவார். ஒலி அமைக்கும் தோழி ஊரில் பிடித்து வந்த சத்தங்களை ஓடவிடுவாள். நான் ஆடுவேன். சுவரில் ஈரம் காய்ந்து ஓவியம் மறைந்தால்தான் ஆட்டம் முடியும். அதற்கு முன் நிறுத்தக் கூடாது. எங்களுக்குள் இருந்த ஒரே ஒப்பந்தம் அதுதான். தண்ணீர்க் கோடுகள் ஓரத்திலிருந்து மெல்ல மங்கும்போது கையும் காலும் யாருடையவோ போல மிதக்கும். அந்த மயக்கத்துக்காகத்தான் உயிரோடு இருக்கிறேன் என்றுகூடத் தோன்றும்.

அப்பாவுக்கு இது பிடிபடவே இல்லை. பக்கத்துக் கட்கியில் வெடிமருந்து ஃபேக்டரியில் உழைத்து ஓய்வு பெற்றவர். சங்கு ஊதினால் போவது, சங்கு ஊதினால் வருவது. அதுதான் அவருக்கு வேலை. "ஆடுறதெல்லாம் சரிம்மா. வேலைக்கு எப்பப் போவ?" என்பார். எனக்குச் சுர்ரென்று ஏறும். எதையாவது வெடுக்கென்று சொல்லிவிட்டு, அன்றைக்கு முழுவதும் மனசு கசந்து கிடப்பேன். ஒரே ஒருமுறை அவர் வந்து, கடைசிவரை உட்கார்ந்து பார்த்துவிட்டால் போதும் என்றிருந்தது.

ஜூலையில் ஒரு சாயங்காலம் வந்தார். இஸ்திரி போட்ட சட்டை; கூடவே ஃபேக்டரி நண்பர்கள் சிலர். வெளியே நசநசவென்று மழை. ஆட்டத்தின் பாதியில், தோழி எங்கள் வீட்டு மொட்டைமாடியில் நின்று பதிவு செய்திருந்த ஃபேக்டரிச் சங்கு கூடம் நிறைய ஒலித்தது.

அப்பாவும் நண்பர்களும் இருந்த முன்வரிசை மொத்தமும் பழக்கத்தில் எழுந்து நின்றது. முதல் ஆள் அப்பா. குனிந்து, நாற்காலிக்கடியில் இல்லாத சாப்பாட்டு டப்பாப் பையைத் தேடினார். போகப் போகிறார் என்றே நினைத்தேன். ஓடிப்போய்க் கையைப் பிடித்திருப்பேன். ஆனால் சுவர் இன்னும் ஈரமாக இருந்தது. ஆடினேன்.

நண்பர்கள் ஒருவரையொருவர் பார்த்து அசடு வழிய உட்கார்ந்தார்கள். அப்பா மட்டும் நின்றபடியே என்னைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். பிறகு அவரும் உட்கார்ந்தார்.

மழைக்காலச் சுவர் லேசில் காயுமா? பதிவு செய்த ஒலியெல்லாம் தீர்ந்துபோய், தகரக் கூரையில் மழை மட்டும் கேட்டது. ஒரு லோக்கல் ரயில் போனது. ஓவியர் ஓரமாக நின்று கையைப் பிசைந்துகொண்டிருந்தார். நானோ களைப்பைத் தாண்டிய ஏதோ ஓர் இடத்தில், தூக்கத்தில் நடப்பவள் போல ஆடிக்கொண்டிருந்தேன். கடைசிக் கோடு மறைந்தபோது பாதி நாற்காலிகள் காலி. நண்பர்களும் கிளம்பியிருந்தார்கள். அப்பா இருந்தார்.

மூச்சிரைக்க அவர் காலடியில் தரையில் உட்கார்ந்தேன். தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டினார்.

"இன்னாம்மா," என்றார், "சங்கு ஊதியும் உன்னை விடல. இன்னிக்கு ஓவர்டைமா?"

"ஆமாப்பா," என்றேன். பாட்டிலை வாங்கிக் குடித்தேன்.